உடல்நிலை காரணமாக அல்ல

ஸ்ரீரங்கம்,
6 மே 2025

வஹீதா மேடத்துக்கு,

உங்கள் கடிதம் வந்தது. சிவப்பு மையால் திருத்தி இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பத்துக்கு நான்கு. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இத்தனை வருடம் விடைத்தாள் திருத்திய கை, தாளைப் பார்த்தால் சும்மா இருக்காது.

'வேலைக்கும் வாழ்வுக்கும் இடையே சமநிலை' என்று பத்திக்குப் பத்தி எழுதியிருக்கிறீர்கள். அது என்ன, எந்தக் கடையில் கிடைக்கும் என்று ஓர் இடத்திலும் இல்லை. அதற்கு இரண்டு மதிப்பெண் போச்சு. 'தங்கள் நலனில் கல்லூரி நிர்வாகம் கொண்டிருக்கும் அக்கறையின் பேரில்' என்று ஆரம்பித்தீர்களே, அந்த ஒரு வரிக்கு நான்கு வெட்டினேன். கேள்வியைப் படிக்காமலே பதில் எழுதும் பையன்களுக்கு நான் அப்படித்தான் செய்வேன்.

அந்த அக்கறை எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன், கேளுங்கள். ஊருக்கு வெளியே இருக்கும் தனியார் பொறியியல் கல்லூரியில் நான் எலக்ட்ரானிக்ஸ் பாடம் நடத்துகிறேன். வேலைக்குச் சேரும் அன்றே எங்கள் ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாவற்றையும் வாங்கி பீரோவில் பூட்டிவிடுவார்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் முதல் எம்.இ. பட்டம் வரை. பாதுகாப்புக்காம்! அவை கையில் இல்லாமல் வேறு எந்தக் கல்லூரி வாசலையும் மிதிக்க முடியாது. கோடை வந்துவிட்டால் எங்களை ஊர் ஊராக அனுப்புவார்கள். பிளஸ் டூ எழுதிய பிள்ளைகளின் வீட்டுக் கதவைத் தட்டி, எங்கள் கல்லூரியில் சேருங்கள் என்று கெஞ்ச வேண்டும். ஆளுக்கு இத்தனை பிள்ளைகள் என்று டார்கெட் உண்டு. பச்சைமலையில் பஸ் போகாத ஊருக்கெல்லாம் நடந்து போயிருக்கிறேன்.

போன மாதம் மருங்காபுரிப் பக்கம் அழகிரி என்ற விவசாயியின் வீட்டுக்குப் போனேன். அவர் மகள் தமிழ்மணியை எங்கள் கல்லூரியில் புதிதாக ஆரம்பிக்கும் ஏஐ படிப்பில் சேர்க்க அவருக்கு ஆசை. நிலத்தை அடகு வைக்கவும் தயார். எனக்குப் பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்துவிட்டு, "நீங்கதான் பாடம் நடத்துவீங்களா டீச்சர்?" என்று கேட்டார்.

"நான்தாங்க. ஆனா அந்தப் பாடம் எனக்கே தெரியாது. மொத நாள் வீடியோ பாத்துட்டு வந்து மறுநாள் நடத்துவேன். அதுக்குன்னு வாத்தியாரே போடலை, பேப்பர்லதான் பேர் இருக்கு. பாப்பாவை இங்க சேக்காதீங்கண்ணே" என்றேன்.

ஏன் சொன்னேன்? நான் பெரிய உத்தமி என்பதால் அல்ல. பொய் சொல்லத் தெம்பு வேண்டும் மேடம். அன்றைக்கு எனக்கு அந்தத் தெம்பு இல்லை.

கூட வந்த வேன் டிரைவர் வழியாக இது எங்கள் கரஸ்பாண்டன்ட் நல்லதம்பியின் காதுக்குப் போனது. கல்லூரியை நடத்துகிற முதலாளி அவர்தான். அவர் திட்டவில்லை. "ரொம்ப ஸ்ட்ரெஸ்ல இருக்கீங்க மேடம், கவுன்சலிங் போங்க" என்றார் இனிக்க இனிக்க. நான் வேலைக்குத் தகுதி என்று நீங்கள் எழுதித் தரும்வரை கல்லூரிப் பக்கம் வரக் கூடாதாம். 'அப்படியானால் என் சர்டிபிகேட்டைக் கொடுங்கள், நான் வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன்' என்று கேட்டேன். அதற்கும் உங்கள் கடிதம் வரட்டும் என்கிறார்.

கல்லூரியின் ஆப் வழியாக உங்களிடம் பேச மாட்டேன். அதை யார் யார் திறந்து பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும், செய்து கொடுத்ததே எங்கள் டிபார்ட்மென்ட்தான். எழுதுவதானால் தபாலில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
கலைமதி


பாலக்கரை,
9 மே 2025

அன்புள்ள கலைமதி மேடம்,

நான்கு மதிப்பெண்ணா! வாழ்க்கையில் இவ்வளவு குறைவாக நான் வாங்கியதில்லை. என் அத்தா இருந்திருந்தால் இந்தத் தாளில் கையெழுத்துப் போட மாட்டார்.

அந்தக் கடிதம் எல்லாருக்கும் போகும் அச்சுக் கடிதம். உங்களுக்கு அதை அனுப்பியிருக்கக் கூடாதுதான். இது என் கையெழுத்து. கோழிக் கிறுக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் டாக்டர் இல்லை, மனநல ஆலோசகர். மாத்திரை எழுத மாட்டேன். வீட்டு மாடியில் ஓர் அறை வைத்திருக்கிறேன். பேங்க் மேனேஜர்கள், நர்சுகள், வக்கீல்கள், ஐ.டி.யில் இருக்கும் பிள்ளைகள் வருவார்கள். வேலை ஆளையே தின்றுவிடும்போது என்ன செய்வது என்று சேர்ந்து உட்கார்ந்து யோசிப்போம். சிலர் வேலையை மாற்றிக்கொள்வார்கள், சிலர் வேலை செய்யும் விதத்தை. ஆங்கிலத்தில் பர்ன்அவுட் என்று பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் தெருவில் 'ஆளு ஓஞ்சு போச்சு' என்பார்கள், அவ்வளவுதான்.

உங்கள் கல்லூரி என்னோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. உங்களைப் பார்ப்பதற்கு எனக்குச் சம்பளம் தருவது அவர்கள்தான், அதை மறைக்க மாட்டேன். ஆனால் நீங்கள் என்னிடம் சொல்வது என்னைத் தாண்டிப் போகாது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

பொய் சொல்லத் தெம்பு வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அந்தத் தெம்பு எப்போது போனது? மனசுக்குத் தெரிவதற்கு முன்னால் உடம்புக்குத் தெரிந்திருக்கும். உடம்பு எங்கே மக்கர் பண்ணியது என்று மட்டும் எழுதுங்களேன். வேறு எதுவும் வேண்டாம்.

வஹீதா


ஸ்ரீரங்கம்,
14 மே 2025

வஹீதா மேடத்துக்கு,

உடம்பைப் பற்றித்தானே கேட்டீர்கள்? எழுதுகிறேன். எழுதிவிட்டு உங்களைக் கேட்க வேண்டியதையும் கேட்கிறேன்.

ஜனவரியில் ஒரு நாள் ஸ்கூட்டரைக் கல்லூரி ஸ்டாண்டில் நிறுத்தினேன். ஹெல்மெட்டைக் கழற்ற வரவில்லை. கொக்கி கெட்டுப்போகவில்லை. கை மேலே போகிறது, கழற்றாமல் கீழே வந்துவிடுகிறது. மணி அடித்துவிட்டது. அப்படியே மாடியேறி வகுப்புக்குப் போய்விட்டேன், ஹெல்மெட்டோடு! பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஏதோ வேடிக்கை காட்டுகிற மாதிரி. முதல் பெஞ்சில் இருந்த பெண் எழுந்து வந்து, "இருங்க மேம்" என்று கழற்றிவிட்டாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

அடுத்த மாதம் கரும்பலகையில் ஒரு சமன்பாட்டைப் பாதி எழுதிவிட்டு நின்றேன். வருடா வருடம் எழுதுகிற சமன்பாடு. அடுத்த வரி என்ன என்று தெரியவில்லை. எழுதியதை அழித்துவிட்டு மறுபடி அதையே எழுதினேன், மறுபடி அழித்தேன். என் கணவர் ரெங்கராஜ் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறார், நல்ல மனிதர். "ரெண்டு நாள் லீவு போடேன்" என்றார். லீவு போட்டு வீட்டில் உட்கார்ந்தால், அட்மிஷனுக்காக யார் யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்று கல்லூரியிலிருந்து வாட்ஸ்அப்பில் வந்துகொண்டே இருந்தது. சோறு வடிக்கும்போதுகூடப் பேசினேன்.

போதுமா? இப்போது நான் கேட்கிறேன்.

நேற்று அழகிரி போன் செய்தார். நன்றாக இருக்கிறீர்களா என்று கேட்க அல்ல, திட்டுவதற்கு. "காலேஜ்லேருந்து ஆளுங்க வந்தாங்க டீச்சர். உங்களுக்கு மனசு சரியில்லையாமே? பாலக்கரையில வைத்தியம் நடக்குதாமே? இல்லாட்டி சம்பளம் குடுக்குற எடத்தையே எவனாச்சும் கொறை சொல்லுவானா? பாப்பா வாழ்க்கையைக் கெடுக்கப் பாத்தீங்களே!" என்றார். என்னைப் பேசவே விடவில்லை. அடுத்த மாதம் அட்மிஷன் அன்று பணத்தோடு வருகிறாராம்.

பாலக்கரை என்ற பேச்சு மருங்காபுரி வரை எப்படிப் போனது மேடம்? என்னைப் பற்றி அவர்களிடம் என்ன எழுதிக் கொடுத்தீர்கள்? வயிறு எரிகிறது. உங்களை நம்பி ஹெல்மெட் கதையெல்லாம் எழுதினேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

கலைமதி


பாலக்கரை,
17 மே 2025

அன்புள்ள கலைமதி மேடம்,

அல்லாஹ் மேல் ஆணையாக உங்களைப் பற்றி ஒரு சொல்லும் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. உங்களை என்னிடம் அனுப்பியது அவர்கள். என் விலாசம் அவர்களுக்குத் தெரியாதா? என் வாசலில் தொங்குகிற போர்டையே உங்களுக்கு எதிராகச் சாட்சி வைத்துவிட்டார்கள். எனக்கும் அது அவமானம்தான்.

இன்னொன்று சொல்ல வேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன்.

நல்லதம்பி எனக்குப் போன் செய்தார். அவருக்கு வேண்டிய கடிதம் எப்படி இருக்க வேண்டும் என்று அவரே வாய்விட்டுச் சொன்னார். 'கலைமதி கடுமையான மன உளைச்சலில் நிதானம் இழந்து பேசியிருக்கிறார், பேசியதற்கு அவர் பொறுப்பல்ல' என்று நான் எழுத வேண்டும். 'உடல்நிலை காரணமாக' என்று நீங்கள் ராஜினாமா எழுத வேண்டும். இரண்டும் கைக்கு வந்த அன்றே உங்கள் சர்டிபிகேட் எல்லாம் வீடு தேடி வரும் என்கிறார்.

நான் அவருக்குச் சரி என்று சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. உங்களிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

என் யோசனையைக் கேட்டால், வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். நிறுவனத்தோடு மல்லுக்கட்டி இருந்த கொஞ்சநஞ்சத்தையும் தொலைத்தவர்களை இந்த அறையில் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு வார்த்தைதானே, எழுதிவிட்டுப் போகட்டும். சண்டை போட இப்போது உங்களிடம் என்ன மிச்சம் இருக்கிறது? முதலில் நீங்கள் தூங்க வேண்டும், சாப்பிட வேண்டும். நல்ல ஆசிரியருக்கு வேறு வேலை கிடைக்காமல் போகாது.

கோபப்படாமல் யோசித்து எழுதுங்கள்.

வஹீதா


ஸ்ரீரங்கம்,
19 மே 2025

வஹீதா,

யோசித்தேன். கோபமும் பட்டேன்.

ஒரு வார்த்தைதானே என்கிறீர்கள். அந்த ஒரு வார்த்தையை எழுதிவிட்டால் நான் அழகிரி வீட்டில் சொன்னது எல்லாம் பைத்தியத்தின் உளறல் ஆகிவிடும். அதைக் காட்டித்தான் அவரை உள்ளே இழுக்கப் போகிறார்கள். என் சர்டிபிகேட் வெளியே வரும், அந்தப் பெண்ணின் சர்டிபிகேட் உள்ளே போகும். அதே பீரோ! அதே சாவி! அவள் நாலு வருடம் அங்கே உட்கார்ந்து எதைப் படிப்பாள்? என் தலையையா?

என் கணவரும் இதையேதான் சொல்கிறார். "எழுதிக் குடுத்துட்டு வந்துடேன்டி, உன் உடம்பு முக்கியம்" என்கிறார். எச்.ஓ.டி.யும் சொல்லியாயிற்று. என் உடம்பின் மேல் ஊருக்கே திடீரென்று இத்தனை கரிசனம். ஹெல்மெட்டோடு மாடியேறிய அன்று இந்தக் கரிசனம் எல்லாம் எங்கே போயிருந்தது?

நான் நிதானம் இழக்கவில்லை. இத்தனை வருடத்தில் நான் நிதானமாகப் பேசிய ஒரே நாள் அதுதான். எழுத மாட்டேன். நீங்களும் இனி எனக்கு எழுத வேண்டாம்.

கலைமதி


பாலக்கரை,
24 மே 2025

கலைமதி,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன். உங்களுக்கு மட்டும்தான் கோபம் வருமா?

நான் சொன்ன யோசனையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அழகிரியின் மகளை நான் யோசிக்கவே இல்லை. என் முன்னால் உட்காருகிறவரை மட்டுமே பார்த்துப் பழகிவிட்டேன். அது என் தொழில், அதற்காக மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன்.

ஆனால் நீங்களும் ஒன்றைக் கேளுங்கள். உங்களை நோயாளி என்று சொன்னால் சுள்ளென்று ஏறுகிறது. சரி, ஏறட்டும். சமன்பாட்டை அழித்து அழித்து எழுதிக்கொண்டு நின்றது யார்? பக்கத்து வீட்டுக்காரியா? நீங்கள் மருங்காபுரியில் சொன்னது நிஜம். நீங்கள் ஓய்ந்து போயிருப்பதும் நிஜம். ஒன்றை ஒத்துக்கொண்டால் மற்றது பொய்யாகிவிடும் என்று பயந்துபோய், நன்றாகத்தான் இருக்கிறேன் என்று மார்தட்டுகிறீர்கள். களைத்தவள் சொன்னால் அது பொய் என்று ஊரை நம்ப வைக்கப் பார்ப்பவர் நல்லதம்பி. நீங்களும் அதையே நம்பினால் எப்படி? காய்ச்சலில் கிடப்பவன் வீடு பற்றி எரிகிறது என்று கத்தினால், காய்ச்சலைக் காரணம் காட்டித் தீயை அணைக்காமல் விடுவோமா?

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் கல்லூரி ஒப்பந்தம் போனால் இந்த அறையை நடத்துவது எனக்குக் கஷ்டம். அதனால்தான் அன்று போனில் முடியாது என்று சொல்ல நாக்கு எழவில்லை. இரக்கப்படச் சொல்லவில்லை, தெரிந்துகொள்ளுங்கள் என்றுதான் எழுதுகிறேன்.

ஒரு தடவை நேரில் வாருங்கள். வியாழக்கிழமை மாலை. பேசப் பிடிக்காவிட்டால் பேச வேண்டாம். சண்டை போடவாவது வாருங்கள்.

வஹீதா


ஸ்ரீரங்கம்,
2 ஜூன் 2025

வஹீதா,

சண்டை போடத்தான் வந்தேன். என்னென்ன கேட்க வேண்டும் என்று டவுன் பஸ்ஸில் வரும்போதே மனசுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டு வந்தேன். நீங்கள் டீ கொண்டுவர உள்ளே போனீர்கள். அவ்வளவுதான் ஞாபகம். கண்ணைத் திறந்தால் டீயில் ஆடை படிந்திருக்கிறது, நீங்கள் எதிரே உட்கார்ந்து ஏதோ தைத்துக்கொண்டிருக்கிறீர்கள். வாயைத் திறந்துகொண்டு தூங்கினேனோ என்னவோ, மானம் போச்சு. எனக்கு அடுத்து வந்த பேங்க்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டீர்களாமே. அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

பஸ்ஸில் திரும்பும்போது அழுதேன். பக்கத்தில் இருந்த பூக்காரம்மா எதுவும் கேட்காமல் ஜன்னல் பக்கம் தள்ளி உட்காரவிட்டாள். ஆமாம், ஓய்ந்துதான் போயிருக்கிறேன். இதை எழுதுவதற்குள் எத்தனை வருடம் ஆகிவிட்டது!

கிளம்பும்போது நீங்கள் சொன்னபடி தினமும் ஒரு மணி நேரம் எதுவும் செய்யாமல் இருந்து பார்க்கிறேன். போனை வீட்டில் வைத்துவிட்டு அம்மா மண்டபம் படித்துறையில் போய் உட்காருகிறேன். முதல் நாள் எரிச்சலாக இருந்தது. யாருக்கோ திதி கொடுக்க வந்திருக்கிறேன் என்று நினைத்துப் புரோகிதர் ஒருவர் வந்து விசாரித்துவிட்டுப் போனார். இப்போது கொஞ்சம் பழகிவிட்டது.

அழகிரிக்கு நானே போன் செய்தேன். இந்த முறை அவரைப் பேச விடவில்லை.

"அண்ணே, நான் பைத்தியமா இல்லையான்னு நீங்களே பாருங்க. அட்மிஷன் அன்னிக்கு வாங்க. பணத்தைக் கட்டாதீங்க, மொதல்ல என்னைக் கூப்பிடச் சொல்லுங்க. எல்லார் முன்னாடியும் அன்னிக்குக் கேட்டதையே கேளுங்க. நான் பேச்சை மாத்தினேன்னா பைத்தியம்னே வச்சுக்கங்க."

அவர், "பைத்தியம்னா ஒரு நாளு சொன்னதை மறுநாளு சொல்லாதுதான்" என்றார். வருவாரா என்று தெரியாது. அட்மிஷன் ஒன்பதாம் தேதி.

கல்லூரிக்கு நீங்கள் கடிதம் எழுதுவதானால் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். நான் களைத்திருப்பதையும் சேர்த்தே எழுதுங்கள், இனி அதற்கு எனக்குக் கூச்சம் இல்லை. பயமாக இருந்தால் எழுதவே வேண்டாம். சத்தியமாகக் கோபித்துக்கொள்ள மாட்டேன். பொய் மட்டும் வேண்டாம்.

கலைமதி


பாலக்கரை,
5 ஜூன் 2025

கலைமதி,

நீங்கள் வாயைத் திறந்துகொண்டுதான் தூங்கினீர்கள். குறட்டையும் விட்டீர்கள்.

கடிதத்தை நேற்றே கல்லூரிக்கு அனுப்பிவிட்டேன். கையெழுத்துப் போட்ட இன்னொரு பிரதி இத்துடன் இருக்கிறது. நீண்ட கடிதம் இல்லை. 'திருமதி கலைமதி அளவுக்கு மீறிய வேலையால் மிகவும் களைத்திருக்கிறார். அவருக்கு ஓய்வு தேவை. அவருடைய நிதானத்திலும் நினைவிலும் எந்தக் குறையும் இல்லை. மருங்காபுரியில் சொன்னதை அவர் தெளிந்த மனத்தோடு சொன்னார் என்பதே என் கருத்து. இதே வேலை இதே விதத்தில் தொடர்ந்தால் மற்ற ஆசிரியர்களும் இப்படித்தான் ஆவார்கள்.' கடைசி வரியை அவர்கள் கேட்கவில்லை. கேட்காததையும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது, எழுதிவிட்டேன்.

இன்று காலை நல்லதம்பி போன் செய்தார். இனிப்பெல்லாம் காணோம். "நீங்க கவுன்சலரா, யூனியன் லீடரா?" என்றார். "உங்க ஆசிரியர்களைப் பாக்கச் சொன்னீங்க சார், பாத்தேன். பாத்ததை எழுதினேன்" என்றேன். இனிமேல் அவர்களைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். ஒப்பந்தம் போச்சு. போனால் போகட்டும். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மத்தியானம் பசித்துச் சாப்பிட்டேன், நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும்.

ஒன்பதாம் தேதிக்குச் சில விஷயம். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். சொல்ல வேண்டியதைச் சின்னதாக வைத்துக்கொள்ளுங்கள். கத்தாதீர்கள், நீங்கள் கத்த வேண்டும் என்றுதான் காத்திருப்பார்கள். கை நடுங்கினால் நடுங்கட்டும், அதை மறைக்கப் பார்த்தால் பேச்சு போய்விடும். முடிந்ததும் நேரே வீட்டுக்குப் போய்ப் படுங்கள். இன்ஷா அல்லாஹ், நல்லபடியாக முடியும்.

வஹீதா


ஸ்ரீரங்கம்,
12 ஜூன் 2025

அன்புள்ள வஹீதா,

சாப்பிட்டுவிட்டுத்தான் போனேன். நாலு இட்லி.

கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். உள்ளே விடக் கூடாது என்று உத்தரவாம். சரி என்று எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அழகிரி வரமாட்டார் என்றே நினைத்தேன். நேரம் போகப் போக, உங்களையும் கெடுத்து என்னையும் கெடுத்துக்கொண்டேனே என்று இருந்தது. அப்புறம் ஆபீஸ் சூப்பிரண்டெண்ட் ஸ்டீபன்ராஜ் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார். "மேடம், மருங்காபுரிலேருந்து ஒருத்தர் வந்து கவுன்ட்டரை மறிச்சுக்கிட்டு நிக்கிறாரு. அந்த டீச்சர் வந்து சொல்லாம பணம் கட்ட மாட்டேங்கிறாரு. சார் உங்களைக் கூப்பிடுறாரு."

ஆடிட்டோரியம் நிறையப் பெற்றோர். மேடைக்குக் கீழே மேஜை, அதன் பின்னால் நல்லதம்பி. மேஜை மேல் ஒரு பழுப்புக் கவர். அதில் என் பெயரை என் கையெழுத்தில் பார்த்தேன். வேலைக்குச் சேர்ந்த அன்று நானே எழுதிக் கொடுத்த கவர். கொண்டுவந்து கண் முன்னாலேயே வைத்திருந்தார், பாவி!

"மேடத்துக்குக் கொஞ்ச நாளா உடம்பு சரியில்ல. இப்பத் தேவலை. நம்ம காலேஜைப் பத்தி இவருக்கு நல்லபடியா சொல்லுங்க மேடம்" என்றபடி கவரை என் பக்கமாக லேசாகத் தள்ளினார்.

அழகிரி துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டார். தமிழ்மணி அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஏன் டீச்சர், பாப்பாவுக்கு நீங்கதான் பாடம் நடத்துவீங்களா?" அன்று கேட்ட அதே கேள்வி, அதே குரல்.

கை நடுங்கியது வஹீதா. இரண்டு கையும் நடுங்கின. மறைக்கவில்லை.

"நான்தான் நடத்துவேன். அந்தப் பாடம் எனக்குத் தெரியாது. தெரிஞ்ச ஆளு இங்க யாரும் இல்ல. சேக்காதீங்கண்ணே."

அழகிரி கவுன்ட்டர் பக்கம் திரும்பி, "பாப்பா சர்டிபிகேட்டைக் குடுங்க" என்றார். காலையில் உள்ளே நுழையும்போதே வாங்கி வைத்துவிட்டார்களாம்! "பிராசஸ் ஆயிட்டிருக்கு, நாளைக்கு வாங்க" என்றான் கவுன்ட்டரில் இருந்தவன். "எம்புள்ள படிச்சு வாங்குனதை எங்கிட்டக் குடுக்க ஒனக்கென்னய்யா நாளைக்கி?" என்று அவர் போட்ட சத்தத்தில் பின்வரிசையெல்லாம் எழுந்து நின்றது. கொடுத்துவிட்டார்கள். தமிழ்மணி ஒவ்வொரு தாளாகச் சரிபார்த்துப் பையில் வைத்துக்கொண்டாள். அதற்குள் முசிறிக்காரர் ஒருவர், எங்கள் பிள்ளைக்கு யார் பாடம் எடுப்பார் என்று ஆரம்பித்துவிட்டார். பிறகு இன்னொருவர்.

மேஜையைப் பார்த்தேன். கவரைக் காணோம்.

நான் வீட்டுக்குப் போய்ப் படுக்கவில்லை, மன்னியுங்கள். ஆடிட்டோரியம் வாசலில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். போகிறவர் வருகிறவர் எல்லாம், ஏம்மா இங்கே உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்டார்கள். கேட்டவர்களுக்கு மட்டும், கத்தாமல், பதில் சொன்னேன். "என் சர்டிபிகேட் உள்ள இருக்குங்க, தர மாட்டேங்கிறாங்க." அதைக் கேட்டுவிட்டு உள்ளே போன சிலர் பிள்ளையின் சர்டிபிகேட்டைக் கையைவிட்டுக் கொடுக்காமலே திரும்பி வந்தார்கள். மறுநாளும் பெற்றோர் கூட்டத்தோடு கூட்டமாக உள்ளே போய் உட்கார்ந்தேன். என் டிபார்ட்மென்ட் மகாலட்சுமி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுடையதும் அதே பீரோவில்தான் இருக்கிறது. மத்தியானம் இயற்பியல் வாத்தியார் ஒருவரும் வந்து உட்கார்ந்தார்.

நேற்று ஸ்டீபன்ராஜ் கவரோடு வெளியே வந்தார். கூடவே ஒரு ராஜினாமாத் தாள், டைப் அடித்தது. காரணம் என்ற இடத்தில் 'உடல்நிலை' என்று அவர்களே போட்டிருந்தார்கள். பேனாவை வாங்கி அதை அடித்தேன். அதன் மேலே, 'பாடம் நடத்த ஆள் இல்லை என்ற உண்மையை ஒரு தகப்பனிடம் சொன்னதால்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஸ்டீபன்ராஜ் படித்துவிட்டு, "மேடம், இதை எப்படி மேடம் நான் ஃபைல்ல வைப்பேன்?" என்றார், பாவம்.

"வைக்காட்டிப் பரவால்ல சார். நான் உக்காந்திருக்கேன்" என்றேன். மகாலட்சுமி என் பக்கம் இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள்.

உள்ளேயிருந்து நல்லதம்பியின் குரல் கேட்டது. "எழுதுனதை வாங்கிட்டு அனுப்பித் தொலைய்யா!"

பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் முதல் எல்லாம் சரியாக இருக்கிறது. வேலை இல்லை. அடுத்த மாதம் எப்படி என்று ரெங்கராஜ் கவலைப்படுகிறார், எனக்கும் கவலைதான். வேறு கல்லூரிகள் நல்லதம்பியிடம் என்னைப் பற்றி விசாரித்தால் என்ன சொல்வார் என்று தெரியும். சொல்லட்டும். மகாலட்சுமியும் இயற்பியல்காரரும் இன்னும் அந்தப் பெஞ்சில் இருக்கிறார்கள். காலையில் ஃபிளாஸ்கில் காபி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஒரு விஷயம். இன்னும் சரியாகத் தூக்கம் வரவில்லை. ஜெயித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன், ஆகவில்லை. போன் அடித்தால் இன்னமும் உடம்பு தூக்கிப் போடுகிறது. சனிக்கிழமை மாலை உங்களுக்குச் சௌகரியப்படுமா? உங்கள் கட்டணம் என்னவோ அதை நானே தருகிறேன்.

இந்த முறை என்னை யாரும் அனுப்பவில்லை.

கலைமதி